பெரிய ஹிட் ஒன்றும் இல்லாத ஷாரன் ஜோன்ஸை ரசிகர்கள் ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "ஷாரன் ஜோன்ஸ் என்ற அமெரிக்க சோல் பாடகி 2016-இல் இறந்துபோனார். ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டு என்று அவருக்கு ஒன்றும் இல்லை, கிராமி விருதும் வாங்கவில்லை. ஆனால் அவர் பேச்சை எடுத்தாலே ரசிகர்கள் சொந்த அக்காவைப் பற்றிப் பேசுவதுபோல உருகுகிறார்கள். யூடியூபில் இரண்டு பாட்டு கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவா?"

இரண்டு பாட்டு கேட்டுவிட்டு "அவ்வளவா?" என்று தோன்றினால் உங்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. சோல் என்பது தேவாலயப் பாட்டில் வேர்விட்ட அமெரிக்கக் கறுப்பர்களின் இசை. அதன் ஜாம்பவான்களில் அரேதா ஃபிராங்க்ளினைப் பற்றிப் பேசுகிறவர்கள் குரலைப் பற்றிப் பேசுவார்கள், மார்வின் கே என்றால் ஆல்பத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஷாரன் ஜோன்ஸ் ரசிகர்களில் முக்கால்வாசிப் பேர் தங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார், எனக்கு ஆடத் தெரியாது என்று சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை, கூட வந்தவர்கள் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள், இந்த ரீதியில்தான் போகும். எந்தப் பாட்டுக்கு ஆடினோம் என்பது பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. அவருடைய உள்ளங்கை வேர்த்து ஈரமாக இருந்தது ஞாபகம் இருக்கும். அதனால் இசைத்தட்டை மட்டும் கேட்டால் இந்தப் பாசத்துக்குக் கணக்கு இடிக்கும். இசைத்தட்டு மோசம் என்று சொல்லவில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவர் கச்சேரி எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். டாப்-கிங்ஸ் என்பது அவருடைய பேண்ட். கோட்டு சூட்டு போட்ட ஆட்கள், கிட்டார், பேஸ், டிரம்ஸ், காங்கோ, இரண்டு சாக்ஸபோன், ஒரு டிரம்பெட். ஷாரன் உடனே வரமாட்டார். முதலில் பேண்ட் தனியாக வாசிக்கும், பின்பாட்டுக்காரிகளான சாண்ட்ரா வில்லியம்ஸும் ஸ்டார் டங்கனும் தாங்களே ஒரு பாட்டைப் பாடி முடிப்பார்கள், அப்புறம் பிங்கி கிரிப்டைட் என்ற கிட்டார்காரர் மைக்கைப் பிடித்து, பழைய காலத்து நாடக அறிவிப்பாளர் மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து, ஷாரனின் பட்டங்களையெல்லாம் அடுக்கி, கூட்டத்தை நன்றாகச் சூடேற்றுவார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா வருவார். ஐந்தடிக்கும் குறைவான உயரம், குஞ்சம் தொங்கும் மினுமினு கவுன், கையில் மைக். வந்ததிலிருந்து ஒரு நிமிஷம் சும்மா நிற்கமாட்டார். சில பாட்டுகளுக்குள் செருப்பு காலை விட்டுப் போய்விடும், மிச்சக் கச்சேரி முழுக்க வெறுங்கால்தான்.

அப்புறம் ஆள் பிடிப்பார். பெரும்பாலும் கூச்சப்படுகிற, கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவனாகப் பார்த்துப் பிடிப்பார். அவனைப் பக்கத்தில் நிறுத்திவைத்து அவனுக்கே பாடுவார், அவன் கையை எங்கே வைக்க வேண்டும் என்று பாட்டுக்கு நடுவிலேயே சொல்வார், தப்பாக ஆடினால் ஆட்டத்தை நிறுத்தி மறுபடி காட்டிக்கொடுப்பார். பெண்களையும் கும்பலாக மேலே கூப்பிடுவார். இன்னொரு கட்டத்தில் அறுபதுகளின் நடனங்களுக்குப் பாடமே எடுப்பார், மேஷ்ட் பொடேட்டோ, போனி, ஸ்விம், பூகலூ, ஃபங்கி சிக்கன் என்று பேரைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக ஆடிக் காட்டுவார், பேண்டும் அதற்கேற்ப மாறி மாறி வாசிக்கும். தன் ஆப்பிரிக்க முன்னோரையும் அமெரிக்கப் பூர்வகுடி முன்னோரையும் அழைக்கிறேன் என்று சொல்லி, டிரம்ஸ் மட்டும் ஒலிக்க, குனிந்து தரையை மிதித்து ஓர் ஆட்டம் ஆடுவார் பாருங்கள், அதைப் பார்த்தவர்கள் சோல் பாட்டு என்ற வார்த்தையையே வேறு மாதிரி உச்சரிப்பார்கள்.

இந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர் வாழ்க்கைக்குள் போக வேண்டும். 1956 மே 4-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் பேர்போன சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வளர்ந்த ஊர் அது, சின்ன வயதில் அண்ணன்மாரோடு சேர்ந்து ஜேம்ஸ் பிரவுன் மாதிரி ஆடிக் காட்டுவதுதான் வீட்டில் விளையாட்டு. அம்மா பிள்ளைகளோடு நியூயார்க்குக்கு இடம் மாறினார், ஷாரன் அங்கே புரூக்ளினில் வளர்ந்தார். தேவாலயத்தில் பாடினார், எழுபதுகளில் திறமைப் போட்டிகளில் பாடினார், கல்யாண வீடுகளில் பாடும் குழுக்களில் பாடினார், மற்றவர்கள் ரெக்கார்டிங்குக்குப் பின்பாட்டு பாடினார். சொந்தமாக ஒரு தட்டு போட வாய்ப்பு கேட்டபோது இசைத்தட்டுக் கம்பெனி ஆட்கள் சொன்ன பதிலை அவரே பேட்டிக்குப் பேட்டி திரும்பச் சொல்லியிருக்கிறார்: ரொம்பக் கறுப்பு, ரொம்பக் குட்டை, ரொம்பக் குண்டு, இருபத்தைந்தைத் தாண்டிவிட்டதால் வயசும் ஆகிவிட்டது. கறுப்பர்களின் இசையை விற்றுப் பிழைக்கிற தொழிலில் ஒருவரை ரொம்பக் கறுப்பு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

சோறு போட வேறு வேலை வேண்டும். ரைக்கர்ஸ் ஐலண்ட் என்ற நியூயார்க் சிறைத் தீவில் காவலர் வேலை பார்த்தார். வெல்ஸ் ஃபார்கோவின் பணம் ஏற்றிப் போகும் கவச வண்டியில் துப்பாக்கியோடு காவல் போனார். பாடினால்தான் அறைக்குள் போவோம் என்று கைதிகள் அடம் பிடித்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். இந்த வருஷங்களை வெறும் சோகக் கதையாகப் படிக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரு கூட்டத்தைக் கண்ணாலேயே அடக்கவும், யார் எப்போது திமிறுவார்கள் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்கவும், ஆறடி ஆளைத் தோளில் தட்டி உட்கார வைக்கவும் தெரிந்த ஒருவர் மேடை ஏறினால் எப்படி இருக்கும்? அதுதான் பிற்பாடு நாம் பார்த்தது. முன்வரிசைப் பையன்கள் மறுபேச்சில்லாமல் மேலே ஏறியதற்கு இசை மட்டும் காரணம் இல்லை.

1996-இல் திருப்பம். நியூயார்க்கில் டெஸ்கோ என்று ஒரு குட்டி இசைத்தட்டு நிறுவனம், கேப்ரியல் ராத், ஃபிலிப் லேமன் என்ற இரண்டு இளைஞர்கள் நடத்தியது. சோலிலிருந்து பிறந்த, தாளம் தூக்கலான ஃபங்க் இசையின் பழைய தட்டுகள் மேல் பைத்தியம். எந்த அளவுக்கு என்றால், எழுபதுகளில் வந்த ஒரு குங்ஃபூ படத்தின் இசை என்று சொல்லி ஒரு ஆல்பத்தை வெளியிட்டார்கள், அப்படி ஒரு படமே கிடையாது, எல்லாம் இவர்கள் வாசித்ததுதான். சேகரிப்பாளர்கள் பலர் உண்மை என்றே நம்பி வாங்கினார்கள். இந்தக் கில்லாடிகள் லீ ஃபீல்ட்ஸ் என்ற பாடகருக்கு ஒரு ரெக்கார்டிங் வைத்திருந்தார்கள், பின்பாட்டுக்கு மூன்று பெண்கள் வேண்டும் என்று சொல்லியனுப்ப, ஷாரன் மட்டும் தனியாக வந்து நின்றார். மூன்று பேர் எதற்கு, மூன்று பேர் பாட வேண்டியதையும் நானே பாடிவிடுகிறேன் என்றார். பாடியும் விட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது. அன்றைக்கு அங்கே இருந்த பேஸ் கிட்டார்காரர் கேப்ரியல் ராத்தான், பாஸ்கோ மான் என்ற புனைபெயரில், கடைசி வரைக்கும் அவருக்குப் பெரும்பாலான பாட்டுகளை எழுதிக் கொடுத்தவர்.

டெஸ்கோ உடைந்த பிறகு ராத்தும் சாக்ஸபோன்காரர் நீல் சுகர்மேனும் சேர்ந்து டாப்டோன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் ஆல்பம் 2002-இல் வெளிவந்தது, பாடகிக்கு வயது 46. கொஞ்சம் நிதானித்து இதை யோசித்துப் பாருங்கள், சோல் உலகத்தில் ஓட்டிஸ் ரெடிங் 26 வயதில் செத்தே போனார், சாம் குக் 33 வயதில். இந்த அம்மா தொடங்கியதே 46-இல்.

டாப்டோனின் ஸ்டூடியோ புரூக்ளினின் புஷ்விக் பகுதியில் ட்ரௌட்மன் தெருவில் ஒரு பாழடைந்த வீடு. வாடகைக்கு எடுத்து பேண்ட் ஆட்களே சுவர் இடித்து, பலகை அடித்து, தரைக்கு அடியில் பழைய டயரும் துணியும் திணித்து ஒலி வெளியே போகாமல் தடுத்தார்கள். மின்சார வயரிங் வேலையில் ஷாரன் இறங்கினார், அங்கே இருக்கும் பிளக் பாயிண்டுகளில் அவர் கைவேலை உண்டு. ரசிகர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை இது, எனக்கும்தான். பாடகி வந்து பாடிவிட்டுப் போகிற இடமாக இல்லாமல் அவர் ஸ்க்ரூடிரைவர் பிடித்த இடமாக அது இருந்தது.

இசைத்தட்டு மோசம் இல்லை என்றேன் அல்லவா, இப்போது அதற்கு வருகிறேன். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. எட்டு டிராக் டேப் மெஷின், அதாவது எட்டு ஒலித்தடங்களை மட்டும் பதியும் நாடா இயந்திரம். எட்டே எட்டு தடங்களில் எட்டுப் பத்து பேர் வாசிப்பதை அடக்க வேண்டும் என்றால், எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், ஊதுகிற மூன்று பேரும் ஒன்றாக நின்று தங்களுக்குள்ளேயே ஒலி அளவைச் சமன்செய்துகொள்ள வேண்டும், பிறகு உட்கார்ந்து ஒவ்வொருத்தர் சத்தத்தையும் கூட்டிக் குறைக்க முடியாது. ஒருவர் சொதப்பினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இந்தக் கட்டாயம்தான் அந்தச் சத்தத்தின் ரகசியம். பழைய கருவி வாங்கினால் பழைய சத்தம் வந்துவிடும் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டிய ஸ்டூடியோக்கள் நிறைய, அவற்றில் பலவற்றுக்கு இந்த ஒழுங்கு வரவில்லை.

2007-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், '100 டேஸ், 100 நைட்ஸ்'. ஒரு ஆண் மனதைத் தெரிந்துகொள்ள நூறு பகலும் நூறு இரவும் ஆகும் என்பதுதான் விஷயம். ஊது வாத்தியங்கள் எச்சரிக்கை மணி மாதிரி தொடங்குகின்றன, டிரம்ஸ் நடுத்தர வேகத்தில் நடை போடுகிறது, பின்பாட்டுக்காரர்கள் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பாட்டின் நடுவில் அவர் திடீரென்று பொறுங்கள் என்கிறார், கொஞ்சம் மெதுவாகப் போகலாமா, எனக்கு நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறார், மொத்தப் பேண்டும் அந்த இடத்தில் பாதி வேகத்துக்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தை இயர்போனில் ஒரு தடவை கவனித்துக் கேளுங்கள். டிரம்ஸ்காரர் ஹோமர் ஸ்டைன்வைஸ் எங்கேயும் பதறவில்லை, வேகம் குறைந்ததில் தட்டுத் தடுமாறல் இல்லை, அவர் மேல் சாய்ந்துகொண்டு பாடகி இன்னும் மெதுவாக, வரிக்குப் பின்னால் வால் பிடித்த மாதிரி பாடிக்கொண்டு போகிறார். மேடையில் இந்த இடம் வரும்போது அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார், பேசுவார், வம்பளப்பார், யாரையாவது திட்டுவார், பேண்ட் காத்திருக்கும். ரெக்கார்டிங்கில் அதன் நிழல்தான் இருக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டு பாட்டில் இது இருந்திருந்தால் உங்கள் கேள்வி கொஞ்சம் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏமி வைன்ஹவுஸ் என்ற பிரிட்டிஷ் பாடகியின் விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பழைய ரசிகர்களைக் கிளறினால் முதலில் வருவது அந்த ஆதங்கம்தான். ஏமியின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் மார்க் ரான்சன் செய்த பாட்டுகளில் வாசித்தது டாப்-கிங்ஸ்தான், 'ரீஹாப்' உட்பட. 2007-இல் ஏமி அமெரிக்காவில் சுற்றுப்பயணம் வந்தபோது பின்னால் நின்று வாசித்ததும் இவர்களே. 2008-இல் அந்தப் பெண் ஐந்து கிராமி வாங்கினார். ஷாரனின் பேண்டு, ஷாரன் வயரிங் செய்த ஸ்டூடியோ, ஆனால் மாலை வேறு ஒருவர் கழுத்தில். ரசிகர்கள் இதை ஏதோ துரோகம் மாதிரி பேசுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, ஏமி அபாரமான பாடகி, அவர் பாட்டை அவரே எழுதினார், யாரையும் ஏமாற்றி எதையும் பறிக்கவில்லை. அந்தச் சத்தத்தைத் தேடி வந்த புதுக் கூட்டம் டாப்-கிங்ஸ் பேரைத் தெரிந்துகொண்டதும் உண்மை. ஆனாலும் இருபதுகளில் இருக்கும் ஒருத்தி வந்து பாடினதும் உலகம் திரும்பிப் பார்த்தது, ஐம்பது வயது கறுப்பினப் பெண் பத்து வருஷமாக அதே சத்தத்தோடு கத்திக்கொண்டிருந்தபோது பார்க்கவில்லை என்ற கணக்கு எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

இன்னொரு உறுத்தல் 'ரெட்ரோ' என்ற முத்திரை. பழையதைப் போலி செய்கிறார் என்று எழுதுவார்கள், அவருக்குக் கோபம் வரும். நியாயம்தானே, ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்து வளர்ந்து, அந்தக் காலத்திலேயே தேவாலயத்தில் பாடிப் பழகியவர், அவர் பாடுவது அவர் காலத்துப் பாட்டு. பேண்டில் இருந்த சின்னப் பையன்களை வேண்டுமானால் ரெட்ரோ என்று சொல்லிக்கொள்ளலாம். கிராமியில் சோல் இசைக்கென்று ஒரு பிரிவு இல்லையே என்று கடைசி வரை குறைபட்டுக்கொண்டார். 2014 ஆல்பத்துக்கு, சோலுக்கு நெருக்கமான ஆர் அண்ட் பி இசைப் பிரிவில் ஒரு நியமனம் கிடைத்தது, விருது டோனி பிராக்ஸ்டனும் பேபிஃபேஸும் சேர்ந்து பாடிய ஆல்பத்துக்குப் போனது. அவ்வளவுதான், கிராமிக் கதை முடிந்தது.

அந்த 2014 ஆல்பத்தோடு வந்தது வேறொரு கதை. 2013 கோடையில் வர வேண்டியது அது. ஜூனில் உடம்பு சரியில்லை என்று போனவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது, முதலில் பித்தநாளம் என்றார்கள், அப்புறம் கணையம் என்றார்கள். பெரிய அறுவை சிகிச்சை, பிறகு கீமோ. ஆல்பம் தள்ளிப்போனது, சுற்றுப்பயணம் ரத்தானது, அதை நம்பி வாழ்ந்த பேண்ட் ஆட்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அந்தக் காலத்தை பார்பரா கோப்பிள் என்ற ஆவணப்பட இயக்குநர் கூடவே இருந்து படம் பிடித்தார், 'மிஸ் ஷாரன் ஜோன்ஸ்!' என்று 2015-இல் வந்தது. தலைமுடியை வெட்டும் காட்சி அதில் இருக்கிறது, பின்னல் பின்னலாக விழுகிறது. விக் வைத்துப் பார்க்கிறார், ஒன்றும் ஒத்துவரவில்லை. தெம்பே இல்லாத ஒரு நாளில் ஒரு தேவாலயத்தில் பாட எழுந்து, பாட்டு ஏற ஏற உடம்பு தானாக ஆட ஆரம்பித்து, முடித்ததும் மூச்சு வாங்க உட்கார்கிறார். அந்தப் படத்தில் ஒரே ஒரு காட்சிதான் பார்க்க நேரம் உண்டு என்றால் அதைப் பாருங்கள்.

கீமோ முடியுமுன்னே 'ஸ்ட்ரேஞ்சர் டு மை ஹாப்பினஸ்' பாட்டின் வீடியோவில் மொட்டைத் தலையோடு நடித்தார். 2014 பிப்ரவரியில் நியூயார்க் பீக்கன் தியேட்டரில் மீண்டும் மேடை ஏறினார், அதே மொட்டைத் தலை, அதே குஞ்ச கவுன், தலையில் வேர்வை விளக்கு வெளிச்சத்தில் மின்னும். ரசிகர்களின் ஞாபகங்கள் இந்த இடத்தில் தடம் மாறுகின்றன. அதுவரை ஆட்டம், சிரிப்பு. இதற்குப் பிறகு வருகிறவர்கள் சிகிச்சையில் இருக்கும் அம்மாவைக் கூட்டி வந்தவர்கள், தாங்களே கீமோவில் இருந்தவர்கள், தலையில் துணி கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றவர்கள். 'கெட் அப் அண்ட் கெட் அவுட்' என்று ஒரு பாட்டு, முதலில் காதலனை வீட்டை விட்டு விரட்டும் பாட்டாக இருந்தது. நோய்க்குப் பிறகு அதைப் புற்றுநோயைப் பார்த்துப் பாடினார். வெளியே போ, வெளியே போ என்று அவர் கத்த, அரங்கமே சேர்ந்து கத்தும். 'ரிட்ரீட்!' என்ற பாட்டும் அப்படித்தான் ஆனது, நோய் தெரிவதற்கு முன் பதிவுசெய்தது, ஆளைப் பார்த்து ஓடிப்போ என்று எச்சரிப்பது, பிறகு அதன் அர்த்தமே வேறாகிவிட்டது. எழுதினவருக்கே தெரியாமல் ஒரு பாட்டு காத்திருந்த மாதிரி.

2015 செப்டம்பரில் அந்த ஆவணப்படம் டொராண்டோவில் திரையிடப்பட்டபோது, நோய் திரும்பி வந்துவிட்டது என்று அவரே மேடையில் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளவில்லை. 2016 கோடையில் ஹால் அண்ட் ஓட்ஸ் என்ற பாப் இரட்டையரின் கச்சேரிகளுக்கு முன்பாடகியாகச் சுற்றினார்.

நான் அவரை நேரில் பார்த்தது அந்தச் சுற்றில்தான், ஒரு திறந்தவெளி அரங்கில். முன்பாடகி என்றால் தெரியும் அல்லவா, வெயில் இன்னும் இறங்கவில்லை, பாதி நாற்காலி காலி, வந்தவர்களும் பீர் வாங்க வரிசையில் நிற்கிறார்கள், எண்பதுகளின் பாட்டுக் கேட்க வந்த கூட்டம் அது, இவர் யாரென்று பலருக்குத் தெரியாது. முடி கொஞ்சமாக வளர்ந்திருந்தது. நடக்கும்போது உடம்பு முடியாதது தெரிந்தது, ஆடும்போது தெரியவில்லை, அதை எப்படிச் செய்தார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெரியவர் நாச்சோஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மூன்றாவது பாட்டில் தட்டு நாற்காலிக்கு அடியில் போனது, நாலாவதில் எழுந்து நின்றார், அப்புறம் உட்காரவே இல்லை. ஷாரனுக்குக் குறிப்பிட்ட நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள், தனிக் கச்சேரியில் பாடுவதில் பாதி கூட இருக்காது. இடைவேளையில் பாடகியின் பெயர் என்ன என்று அந்தப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

2016 நவம்பர் 8, அமெரிக்கத் தேர்தல் இரவு. முடிவுகளை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது, மறுநாள் இன்னொன்று. மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர்களிடம் எல்லாம் டிரம்ப்தான் காரணம் என்று கிண்டலடித்தார் என்று கேப்ரியல் ராத் சொல்லியிருக்கிறார். அதே ராத் சொன்ன இன்னொரு விஷயம், பேச்சு போன பிறகும் பாட்டு போகவில்லை. வார்த்தை வராமல் முனகலாகத் தொடங்கி, பேண்ட் ஆட்கள் கிட்டாரோடு கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொள்ள, தேவாலயப் பாட்டுகளை அவர்களோடு சேர்ந்து பாடிக்கொண்டே இருந்தாராம். நவம்பர் 18-ஆம் தேதி நியூயார்க் மாநிலம் கூப்பர்ஸ்டவுனில் இறந்தார். 60 வயது.

கடைசி ஆல்பம் 'சோல் ஆஃப் எ வுமன்' ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து 2017 நவம்பரில் வந்தது. தெம்பு இருந்த நாட்களில் பாடியவற்றைச் சேர்த்துச் செய்தது. முதல் பக்கம் வழக்கமான முரட்டு வேகம், இரண்டாவது பக்கம் வயலின்களோடு நிதானமான பாட்டுகள். குரலில் நோய் தெரிகிறதா என்று தேடித் தேடிக் கேட்டேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அது வெளிவருவதற்குள், ஷாரனைப் போலவே வயதான பிறகு பேர் எடுத்த இன்னொரு டாப்டோன் பாடகர் சார்ல்ஸ் பிராட்லியும் 2017 செப்டம்பரில் புற்றுநோயில் போய்விட்டார். டாப்டோன் ரசிகர்களுக்கு அது ரொம்ப மோசமான ஒரு வருஷம். அகஸ்டாவுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் நார்த் அகஸ்டாவில் இப்போது ஆற்றோரத் திறந்தவெளி அரங்கம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஆக, "அவ்வளவா?" என்ற கேள்விக்கு என் பதில், இசைத்தட்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் நல்ல பாடகி, சில இடங்களில் ரொம்ப நல்ல பாடகி, அரேதா இல்லை. அரேதா என்று சொல்கிற ரசிகர்கள் பாசத்தில் சொல்கிறார்கள். சில பாட்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும், ஆல்பத்தில் வரிசையாகக் கேட்டால் நடுவில் கவனம் நழுவும். மேடையில் அவருக்குப் பக்கத்தில் நிற்க அவர் காலத்தில் ஆளே இல்லை என்பேன், அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஸ்டூடியோ ஆல்பத்தில் தொடங்காதீர்கள். 2014 டிசம்பரில் ஹார்லெமின் அப்போலோ தியேட்டரில் டாப்டோன் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து மூன்று இரவு நடத்திய கச்சேரியின் பதிவு 2021-இல் ஆல்பமாக வந்திருக்கிறது, அதில் அவர் வரும் பகுதியை முதலில் கேளுங்கள். சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் கூட ஆகாத குரல் அது. பிறகு 2005 ஆல்பமான 'நேச்சுரலி', அதில் 'ஹவ் டு ஐ லெட் எ குட் மேன் டவுன்' என்ற பாட்டும், அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' பாட்டை அவர் ஃபங்க் ஆக்கிப் பாடியதும். ஜார்ஜ் குளூனி நடித்த 'அப் இன் தி ஏர்' படம் பார்த்திருந்தால் தொடக்கத்தில் வருவது இதுதான், பெயர் தெரியாமலேயே அவரை ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு மேலே சொன்ன ஆவணப்படம். கடைசியாக, படத்துக்காகவே பதிவுசெய்த 'ஐம் ஸ்டில் ஹியர்', அகஸ்டாவில் பிறந்ததிலிருந்து கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பியது, புற்றுநோய் வரைக்கும் தன் வாழ்க்கையை அவரே சொல்லிப் பாடுகிற பாட்டு. நான் இவ்வளவு நீட்டி எழுதியதை அவர் அதில் சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறார்.